பூட்டின வீட்டுக் கோலம்

வைகறை நகரில் யாராவது ஊருக்குக் கிளம்பினால், கேஸை மூடினோமா என்று கேட்டுக்கொள்கிறார்களோ இல்லையோ, “கொளஞ்சிக்காகிட்ட சாவி குடுத்தாச்சா?” என்று கண்டிப்பாகக் கேட்டுக்கொள்வார்கள்.

நகர் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. கச்சிராயபாளையம் ரோட்டில், கள்ளக்குறிச்சி முடிந்து கரும்பு ஆரம்பிக்கிற இடத்தில் இரண்டு தெரு. நடுநடுவே முள் முளைத்த காலி மனைகள். தனி மாவட்டம் ஆன பிறகு ஆபீஸ்காரர்களும் டீச்சர்களும் கடன் வாங்கிக் கட்டிய வீடுகள். திருக்கோவிலூர்க்காரர் ஒருவர், சின்னசேலம் பக்கத்துக்காரர் ஒருவர் என்று ஆளுக்கொரு ஊர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் பாதி வீட்டில் பூட்டு தொங்கும்.

கொளஞ்சியம்மாள் மட்டும்தான் இந்த மண்ணைச் சேர்ந்தவள். இந்த மனைகளெல்லாம் கரும்பாக இருந்தபோது கூலிக்குச் சோகை என்கிற காய்ந்த தோகையை உரித்தவள். அந்தக் காலத்தைப் பற்றி ஏக்கமாக ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வாங்கிவிட முடியாது. “கரும்புக் காட்டுல இன்னாங்க இருக்குது? சோகை கிழிச்சு முழங்கையெல்லாம் எரியும். இப்ப கிரைண்டரு சுத்துது, நான் உக்காந்துகினு இருக்கேன்” என்பாள். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவள். புருஷன் இருசப்பன் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். மலையடிவாரத்திலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போவான். தெரு முனையில் அவர்கள் வீடு. முன்னறையில் இரண்டு கிரைண்டர். தெருவில் இட்லி, தோசை என்று எது வெந்தாலும் அது கொளஞ்சியம்மாள் அரைத்த மாவுதான்.

மாவு வாங்க வருகிறவர்கள் அப்படியே சாவியையும் வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். கதவுக்குப் பின்னால் ஆணி வரிசை ஒன்றை இருசப்பன் அடித்துக் கொடுத்தான். எந்தச் சாவியிலும் பேர் எழுதியிருக்காது. டீச்சர் வீட்டுச் சாவியில் ஒரு பச்சை வளையல் துண்டு, எதிர்வீட்டுப் பெரியநாயகியம்மாள் சாவியில் ஒரு பித்தளை மணி என்று அடையாளம் மட்டும்.

கோலம் போடுகிற வழக்கம் அதற்குப் பிறகு வந்தது. பக்கத்து நகரில் ஒரு வீட்டில் களவு போனபோது, ஸ்டேஷனிலிருந்து ஏட்டையா ஒருவர் வந்து, வேப்ப மரத்தடியில் எல்லோரையும் கூட்டிப் பேசினார். 

“திருடன் பூட்டைப் பார்க்கறதில்லம்மா, வாசலைப் பார்க்கறான். விடிஞ்ச பிறகும் வாசல்ல கோலம் இல்லன்னா உள்ள ஆள் இல்லன்னு அவனுக்குத் தெரிஞ்சிடும்.”

பெரியநாயகி எழுந்து, “மாவட்டம் ஆனதுல இருந்து களவு ஜாஸ்தியாயிடுச்சே ஏட்டையா” என்றாள்.

“யாரு சொன்னது? போன வருசத்துக்கு இந்த வருசம் கம்மிதான்.”

“கம்மின்னு நீங்க சொல்றீங்க. அந்தக் கம்மியில எங்க பக்கமும் சேர்ந்துகினு இருக்குதே!”

ஏட்டையாவே சிரித்துவிட்டார். கூட்டம் கலைந்தது. மற்றவர்கள் கேமரா வைக்கலாமா, கம்பி வேலி போடலாமா என்று பேசிக்கொண்டே போனார்கள். கொளஞ்சியம்மாள் மறுநாள் காலையிலேயே பூட்டியிருந்த வீட்டு வாசல்களைப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, கோலம் போட்டுவிட்டாள். யாரும் சொல்லவில்லை, யாரும் காசு கொடுக்கவில்லை. கை சும்மா இருக்காது அவளுக்கு.

அதிலும் ஒரு தந்திரம் செய்தாள். எல்லா வாசலிலும் ஒரே கை தெரிந்தால் திருடன் கண்டுபிடித்துவிட மாட்டானா? அதனால் அந்தந்த வீட்டுக்காரி போடுகிற மாதிரியே போட்டாள். பெரியநாயகி வீட்டுக்குச் சிக்குக் கோலம், சுற்றி இரட்டைக் கோடு. மூன்றாவது வீட்டு விஜயலட்சுமி டீச்சருக்கு எட்டு இதழ் பூ. அவசரத்தில் பள்ளிக்கூட வேன் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டே போடுவதால் டீச்சர் பூவில் இடது பக்கத்து இதழ் எப்போதும் தொங்கிப்போயிருக்கும். கொளஞ்சியம்மாளும் அந்த இதழைத் தொங்கவிட்டாள்.

மாசி மாதத்தில் ஒரு விடியலில் இரண்டு கிரைண்டரும் ஓடிக்கொண்டிருந்தன. டீச்சரின் புருஷன் தீனதயாளன் சார் பைக்கை நிறுத்தாமலே காலூன்றி நின்றார். பின்னால் விஜயலட்சுமி, தலைகூடச் சரியாக வாராமல். அவளே இறங்கி வந்து சாவியை மாவுத்தட்டின் ஓரத்தில் வைத்தாள். முகம் வீங்கியிருந்தது. கிரைண்டர் சத்தத்துக்கு மேலே ஏதோ சொல்லிவிட்டு ஓடிப்போய் பைக்கில் ஏறிக்கொண்டாள். கொளஞ்சியம்மாள் காதில் விழுந்தது இவ்வளவுதான்: “எங்கப்பா தவறி... ட்டாருக்கா... சேலம் போறோம்... வூட்டைப் பார்த்துக்கங்க.”

அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். தவறிவிட்டார் என்றால் இந்தப் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான்.

“பாவம், டீச்சரோட அப்பா போய்ட்டாராம்” என்று இருசப்பனிடம் சொன்னாள். டீச்சரின் அப்பா ஆதிமூலம் சின்னசேலத்துக்குப் பக்கத்தில் விவசாயம் செய்கிறவர். இரண்டு தடவை இந்த வழியாக வந்து, மாவு பதம் நல்லாயிருக்குது என்று சொல்லிவிட்டுப் போனவர்.

மறுநாள் கோல டப்பாவை எடுத்துக்கொண்டு டீச்சர் வாசலுக்குப் போய் நின்றவளுக்குக் கை எழவில்லை. சாவு வீட்டில் கோலம் கிடையாது. இது மாப்பிள்ளை வீடுதான். ஆனால் பெற்ற பெண்ணுக்குத் தீட்டு உண்டே. தெருவைக் காவல் காக்கத்தான் கோலம். அப்பனை இழந்தவள் வாசலில் காவலுக்காகப் பூ வரையலாமா? எப்போது திரும்பி வந்தாலும் அழுதுகொண்டுதான் வருவாள். வாசலில் கோலத்தைப் பார்த்தால் வயிறு எரியாதா?

சருகை மட்டும் கூட்டித் தள்ளிவிட்டு, தண்ணீர்கூடத் தெளிக்காமல் அடுத்த வீட்டுக்குப் போனாள். அதற்கு அடுத்த நாளும் அப்படியே.

அன்றைக்கு ராத்திரிதான் களவு போனது. காலையில் டீச்சர் வீட்டுத் துளசிக்குத் தண்ணீர் ஊற்றப் பின்பக்கம் போன கொளஞ்சியம்மாள், கதவு நெம்பித் திறந்து கிடப்பதைப் பார்த்துக் கூச்சல் போட்டாள். பெரியநாயகியின் புருஷன்தான் தீனதயாளனுக்குப் போன் செய்தார். பீரோ உடைந்திருந்தது. டீச்சரின் கல்யாணத்துக்கு அவள் அப்பா போட்ட சங்கிலி போயிருந்தது. வெள்ளிக் குத்துவிளக்கு போயிருந்தது. சமையலறையில் முறுக்கு டப்பாவைத் திறந்து தின்றுவிட்டு, மூடியைத் திரும்ப மூடி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

மத்தியானம் தீனதயாளன் மட்டும் வந்தார். அதே ஏட்டையாவும் வந்தார். தெரு முழுக்க வாசலில் கூடியிருந்தது.

“வூட்டம்மா வரலையா சார்?” என்றார் ஏட்டையா.

“அவ எங்க வர்றது? எங்க மாமனாரு மோட்டார் கொட்டகைப் படியில தவறி விழுந்துட்டாரு. இடுப்பெலும்பு. நாளைக்குச் சேலத்துல ஆபரேசன். வயசாளி, டாக்டரே பயப்படறாரு.”

கூட்டத்தின் பின்னால் நின்றிருந்த கொளஞ்சியம்மாள் அந்தச் சொல்லைத் தனக்குள் சொல்லிப் பார்த்தாள். தவறி விழுந்துட்டாரு. நடுவில் இருந்த ‘விழுந்து’வைக் கிரைண்டர் தின்றுவிட்டது. உயிரோடு கிடக்கிற மனுசன் பேரில் இரண்டு நாள் துக்கம் அனுசரித்திருக்கிறாள் அவள்.

ஏட்டையா தெருவை ஒரு நோட்டம் விட்டார். “எல்லா வாசல்லயும் கோலம் இருக்குது. பக்கத்துல பூட்டின வூட்டுக்குக்கூட இருக்குது. இங்க மட்டும் இல்லையே? யாரு போடறது?”

“நம்ம கொளஞ்சிதான்” என்றாள் பெரியநாயகி. “பூட்டின வூட்டுக்கெல்லாம் அவதான்.”

“இன்னாம்மா, இந்த வூட்டுக்கு மட்டும் ஏன் போடல?”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சொல்லிவிட்டால் ஒரு நொடியில் முடிந்துவிடும். ஆனால் எப்படிச் சொல்வது? நாளைக்கு மனுசனை அறுக்கப் போகிறார்கள். பெண் ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்திருக்கிறாள். ‘உங்க மாமனாரு செத்துட்டாருன்னு நெனைச்சேன் சார்’ என்று நடுத்தெருவில் வாயைத் திறந்து சொன்னால், அந்தச் சொல் சேலம் வரைக்கும் போய் அவர் கட்டில் காலைப் பிடித்துக்கொள்ளாதா? நாளைக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால்?

“மறந்துட்டேன் ஏட்டையா” என்றாள்.

“மறந்துட்டியா?” என்றாள் பெரியநாயகி. “மறதிகூட வூட்டைப் பார்த்துத்தான் வருது போல.”

தீனதயாளன் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து இருசப்பனிடம் மட்டும் சொன்னாள். அவன் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, “சொல்லித் தொலைய வேண்டியதுதானே? திருடனுக்கு அடையாளம் காட்டிட்டோம்னு பேசுறானுங்க” என்றான்.

“அந்த மனுசன் எழுந்து நடக்கட்டும். அதுக்கப்புறம் சொல்றேன்.”

“அது வரைக்கும்?”

“அது வரைக்கும் நான் மறதிக்காரி.”

ஒரு நாள் இருசப்பனை ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி, லோடு ஆட்டோ எந்தெந்த வழியாகப் போய் வந்தது என்று கேட்டார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள். ஏட்டையா டீகூட வாங்கிக் கொடுத்தார். ஆனாலும் ஸ்டேஷன் வாசலில் நம் வண்டி நிற்பதை நாலு பேர் பார்த்துவிட்டால் டீ குடித்த விஷயம் யாருக்குத் தெரியப் போகிறது?

ஆணியிலிருந்து சாவிகள் ஒவ்வொன்றாக இறங்கின. யாரும் முகத்தை முறித்துப் பேசவில்லை. “மச்சான் வந்து தங்கப் போறாருக்கா, சாவி வேணும்” என்றார்கள். “பூட்டை மாத்திட்டோம், இந்தச் சாவி இனிமே ஆவாது” என்றார்கள். அவளும் எடுத்துக் கொடுத்தாள். பெரியநாயகி மணியை ஆட்டிக்கொண்டே வாங்கிப் போனாள். முனைக் கம்பத்தில் கேமரா ஒன்று வைத்தார்கள். அது தெருவைப் பார்க்கிறதா, கொளஞ்சியம்மாள் கதவைப் பார்க்கிறதா என்று சொல்வது கஷ்டம். பெரும்பாலும் அதில் நாய்தான் தெரிந்தது.

ஆபரேசன் முடிந்து விஜயலட்சுமியும் ஒரு நாள் வந்தாள். நேராக முனை வீட்டுக்குத்தான் வந்தாள்.

“கொளஞ்சிக்கா, சாவி.”

பச்சை வளையல் துண்டோடு எடுத்துக் கொடுத்தாள். “அப்பா எப்படி இருக்காரு டீச்சரம்மா?”

“இருக்காரு.” விஜயலட்சுமி போகாமல் நின்றாள். “போன சங்கிலி போவட்டும்க்கா. என் வாசல் மட்டும் மறந்துச்சா உங்களுக்கு?”

“ஆமா டீச்சரம்மா.”

“சரி.”

திட்டியிருந்தால் தேவலாம். அந்த ‘சரி’யை வைத்துக்கொண்டு அன்று பூராவும் கொளஞ்சியம்மாள் உளுந்தைக் கழுவினாள். கழுவிய உளுந்தையே திரும்பக் கழுவினாள்.

அதற்குப் பிறகு டீச்சர் வீட்டுக்கு மாவு பஸ் ஸ்டாண்ட் கடையிலிருந்து பாக்கெட்டில் வந்தது. தீனதயாளன் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் கொளஞ்சியம்மாள் வாசலுக்கு வந்து, “மாமனாரு எழுந்து உக்காந்தாரா சார்? கால் ஊனறாரா?” என்று கேட்பாள். “ம்” என்று சொல்லிவிட்டு அவர் வண்டியை முறுக்குவார். செய்த தப்புக்குச் சோப்பு போடுகிறாள் என்று அவருக்குப் பட்டிருக்கும். கேட்காமல் இருக்க அவளால் முடியவில்லை. அந்தக் காலில்தானே அவள் பேரும் நின்றுகொண்டிருக்கிறது. பூட்டின வீடுகளுக்குக் கோலம் போடுவதை மட்டும் அவள் நிறுத்தவில்லை. யாரும் வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

வெயில் ஏறிய சித்திரையில் ஆதிமூலத்தைப் பெண் வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். கள்ளக்குறிச்சியில் காலுக்குப் பயிற்சி கொடுக்கிற இடம் இருக்கிறதாம். முதலில் கேட்டுக்குள்ளேயே வாக்கரை நகர்த்திக்கொண்டிருந்தார். பிறகு கேட்டுக்கு வெளியே வந்தார். கொளஞ்சியம்மாள் மாவை வழித்துக்கொண்டே எட்டிப் பார்ப்பாள். வேப்ப மரம் வரை வந்துவிட்டார். அவருக்குத் தெரியாது, தெருக்கோடியில் ஒருத்தி ஒவ்வொரு எட்டுக்கும் மூச்சைப் பிடித்து விட்டுக்கொண்டிருக்கிறாள் என்று.

ஒரு காலையில் வாக்கர் மரத்தைத் தாண்டியது. மேற்கே கல்வராயன் மலைமேல் மேகம் உட்கார்ந்திருந்தது. ஆதிமூலம் மெல்ல வந்து முனை வீட்டு முன்னால் நின்று மூச்சு வாங்கினார்.

“இன்னாம்மா, நீதானே மாவுக்காரம்மா? போன தடவை பார்த்தேனே.”

“நான்தாங்க. உக்காருங்க, ஸ்டூல் போடறேன்.”

“உக்காந்தா எழுந்திருக்க முடியாது. எம்பொண்ணுக்கும் உனக்கும் இன்னா தகராறு? பாக்கெட் மாவுல தோசை ஊத்திப் போடுது. ஒரே புளிப்பு. ஆஸ்பத்திரிக் கஞ்சியே தேவலாம்னு ஆயிடுச்சு.”

கொளஞ்சியம்மாள் முழங்கை வரை மாவாக நின்றாள். இவர் நடந்து வந்துவிட்டார். இனி சொல்லலாம்.

“தகராறு ஒண்ணும் இல்லைங்க. நான்தான் உங்க பொண்ணு வாசல்ல கோலம் போடாம வுட்டுட்டேன்.”

“கோலமா? அதுக்கா மூஞ்சியைத் தூக்கி வெச்சிகினு இருக்குது?”

“அன்னிக்கு எனக்கு அரைகுறையாத்தாங்க கேட்டுது. கிரைண்டரு ஓடிகினு இருந்துச்சு. டீச்சரம்மா ‘எங்கப்பா தவறி விழுந்துட்டாரு’ன்னு சொல்லியிருக்குது. எனக்கு...” அவள் நிறுத்தினாள். “எனக்கு, வெறும் ‘தவறிட்டாரு’ன்னு கேட்டுச்சுங்க.”

ஆதிமூலம் வாக்கரை ஒரு எட்டு முன்னால் நகர்த்தினார்.

“அப்போ நீ எனக்குத் துக்கம் காத்தியா?”

“ரெண்டு நாளுங்க. டீச்சரம்மா அழுதுகினு வர்றப்ப கோலம் கண்ணுல பட வாணாம்னு...”

“எம்பொண்ணு ஆஸ்பத்திரியில என் காலைப் புடிச்சிகினு இருக்குது. நீ இங்க என்னை அனுப்பி வெச்சிட்டு வாசல் கூட்டிகினு இருந்திருக்கே!”

அவர் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் தோள் குலுங்கியது, அப்புறம் வாக்கர் குலுங்கியது. நாலு காலும் கடகடவென்று ஆடின. கொளஞ்சியம்மாள் பதறிப்போய் மாவுக் கையோடு ஓடி அவர் புஜத்தைப் பிடித்தாள்.

“ஐயோ, பார்த்துங்க! மறுபடியும் தவறிடப் போறீங்க!”

சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“எந்தத் தவறும்மா இது?” என்றார் ஆதிமூலம், கண்ணில் தண்ணீர் வழிய. “முழுசா சொல்லிடு. பின்னாடி குழப்பம் வரக்கூடாது.”

சிரிப்புச் சத்தம் கேட்டு விஜயலட்சுமி கேட்டைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள். கையில் தோசைக் கரண்டி. அப்பா சட்டையின் கையெல்லாம் மாவு.

“லட்சுமி, இங்க வா. உங்கொப்பன் செத்து ரெண்டு மாசம் ஆவுது, உனக்கு யாரும் சொல்லலையா?” என்று அவரே எல்லாவற்றையும் சொன்னார். கொளஞ்சியம்மாள் சொன்னதைவிட நீளமாகவும், கொஞ்சம் கூட்டியும் சொன்னார். செத்தான்னு பேச்சு கிளம்பினால் ஆயுசு கூடும், ஆபரேசன் டாக்டருக்குக் கொடுத்ததில் பாதியை இவளுக்குத்தான் கொடுத்திருக்கணும் என்றார்.

விஜயலட்சுமி சிரிக்கவில்லை. 

“ஏட்டு கேட்டப்பவே சொல்லியிருக்கலாமேக்கா.”

“மறுநாள் ஆபரேசன்னு சார் சொன்னாரு. அந்த நேரத்துல அந்தச் சொல்லை எப்படி வாயால எடுக்கறது?”

“அப்புறமாவது? நான் வந்து கேட்டேனே.”

“அப்ப ஐயா படுக்கையிலதானே இருந்தாரு.”

டீச்சர் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு கரண்டியின் காம்பால் மூக்கைத் தேய்த்தாள். பிறகு, “ஸ்டேஷனுக்கு அண்ணனை வேற கூப்பிட்டாங்க” என்றாள்.

“டீ வாங்கிக் குடுத்தாங்களாம்.”

டீச்சர் வீட்டுப் பக்கமிருந்து தோசை தீய்கிற வாசனை வந்தது. “ஐயோ!” என்று டீச்சர் ஓடினாள். பாதி தூரத்தில் நின்று திரும்பி, “அக்கா, ஒரு படி மாவு எடுத்து வைங்க. அப்பாகிட்ட குடுத்துடாதீங்க, நானே வரேன்” என்றாள்.

திருடன் இன்றைக்கு வரைக்கும் அகப்படவில்லை. சங்கிலியும் வரவில்லை. நடந்தது இதுதான் என்று நிரூபிக்க கொளஞ்சியம்மாளிடம் இப்போதும் ஒன்றும் கிடையாது. தெருவில் சிலர் நம்பினார்கள், சிலர் “இருக்கும், இருக்கும்” என்றார்கள். யாரும் மன்னிப்பு கேட்கவில்லை; அவளும் எதிர்பார்க்கவில்லை. பெரியநாயகி மட்டும் ஒரு நாள் மாவு வாங்க வந்து, “எங்க வூட்டுக்காரரு லேசா தும்மினாருடி. நீ பாட்டுக்குத் தவறிட்டாருன்னு எங்க வாசலை வுட்டுடாதே” என்றாள். மணி கட்டிய சாவி அவள் இடுப்பிலேயேதான் ஆடியது.

ஆனி மாதம் ஆதிமூலம் ஊன்றுகோலோடு ஊருக்குக் கிளம்பினார். கொண்டுபோய் விட்டுவிட்டு நாலு நாள் இருந்து வரலாம் என்று பிள்ளைகளோடு டீச்சர் குடும்பமே புறப்பட்டது. கார் முனையில் நின்றது. விஜயலட்சுமி இறங்கி வந்து கிரைண்டரை அவளே நிறுத்தினாள். இரண்டையும் நிறுத்தினாள். தெருவே அமைதியாகிவிட்டது.

“அக்கா, நல்லா கேட்டுக்கங்க. அப்பா நல்லா இருக்காரு. அதோ கார்ல உக்காந்துகினு கடலை தின்றாரு. நாங்க ஊருக்குப் போய்ட்டு திங்கக்கிழமை வர்றோம்.”

“கேட்டுச்சு டீச்சரம்மா.”

டீச்சர் கதவுக்குப் பின்னால் போய், காலியாகக் கிடந்த ஆணி வரிசையில் பச்சை வளையல் துண்டை அவளே மாட்டினாள். காரிலிருந்து ஆதிமூலம் தலையை நீட்டினார். “மாவுக்காரம்மா, நான் நெசமாவே போனாலும் கோலத்தை மட்டும் நிறுத்தாதே. போறவன் போறான், இருக்கறதையாவது காப்பாத்து!”

“போங்க ஐயா, வெள்ளியும் அதுவுமா வாயைப் பாரு” என்று கொளஞ்சியம்மாள் அதட்டினாள்.

திங்கட்கிழமை அவர்கள் திரும்பியபோது காலை வெயில் வாசலில் விழுந்திருந்தது. பிள்ளைகள் மிதிக்கப் போனார்கள். விஜயலட்சுமி கையை நீட்டித் தடுத்தாள். இத்தனை நாளில் அவள் இதை நின்று பார்த்ததில்லை. ஊரிலிருந்து வரும்போதெல்லாம் பொழுது சாய்ந்து கோலமும் கலைந்திருக்கும். எட்டு இதழ் பூ. இடது பக்கத்து இதழ் தொங்கிக்கொண்டு.

மாவுப் பாத்திரத்தோடு முனைக்குப் போனாள். “ஏங்க்கா, என் கோலம் இவ்ளோ கோணலாவா இருக்கும்?”

“பின்ன?” என்றாள் கொளஞ்சியம்மாள். “என் கைக்கு நேராத்தான் வரும். இதைக் கோணலா போட நான் எவ்ளோ கஷ்டப்படறேன் தெரியுமா?”